கடிகாரத்தையே சந்தேகப்பட்டாங்க... கடலை நம்பி ஜெயிச்ச டியூக் கஹானமோகு யார்? புதுசா சர்ஃபிங் கத்துக்கிறவங்க தெரிஞ்சுக்க வேண்டிய கதை

சர்ஃபிங் போர்டை எடுத்துக்கொண்டு முதல் நாள் கடலில் இறங்கும் எவருக்கும் ஒரு விஷயம் சீக்கிரமே புரிந்துவிடும். கரையில் நின்று பார்க்கும்போது இடுப்பளவுதான் தெரிந்த அலை, தண்ணீரில் போர்டு மேல் படுத்துக்கொண்டு பார்க்கும்போது சுவர் மாதிரி எழுந்து வரும். கை தளரும், மூச்சு வாங்கும். ரெண்டு தடவை புரட்டிப் போட்டால் போதும், இது நமக்குச் சரிப்பட்டு வராது என்று மனசு சொல்லிவிடும்.

இந்தப் பயத்தை எப்படித் தாண்டுவது? இதற்கு இணையத்தில் ஏராளமான வீடியோக்கள் இருக்கின்றன. ஆனால் நவீன சர்ஃபிங்கின் தந்தை என்று அழைக்கப்படும் ஒருவரின் வாழ்க்கையைப் புரட்டினாலே பாதிப் பதில் கிடைத்துவிடும். ஒலிம்பிக்கில் 3 தங்கம் வென்றவர், ஹாலிவுட் படங்களில் நடித்தவர், ஹொனலுலுவின் ஷெரீஃப், நடுக்கடலில் 8 உயிர்களைக் காப்பாற்றியவர் என்று அவருக்குப் பல முகங்கள். அவர்தான் டியூக் கஹானமோகு.

பிறக்கும்போதே தைரியசாலியாகப் பிறந்தவர் என்றுதான் பலரும் அவரைப் பற்றி நினைக்கிறார்கள். ஆனால் அவர் கதையைக் கவனித்துப் படித்தால், அவருடைய நம்பிக்கை ஒவ்வொரு படியாக வந்தது தெரியும். அந்தப் படிகள் என்னென்ன? விரிவாகப் பார்ப்போம்.

யார் இந்த டியூக்?

1890 ஆகஸ்ட் 24-ம் தேதி ஹொனலுலுவில் பிறந்தார். இன்று ஹவாய் அமெரிக்காவின் ஒரு மாநிலம். அன்று அது ராஜா ஆண்ட தனி நாடு. டியூக் என்பது பட்டம் இல்லை, பெயரே அதுதான். 1869-ல் இங்கிலாந்து இளவரசரான எடின்பரோ டியூக் ஹவாய்க்கு வந்திருந்தார். அதன் நினைவாக நம்ம ஆளின் அப்பாவுக்கு அந்தப் பெயர் வைக்கப்பட்டது. அப்பாவின் பெயரே மூத்த மகனுக்கும் வந்தது. பிற்காலத்தில் வெளிநாடு போகும் இடமெல்லாம், இவர் அரச குடும்பத்து ஆளோ என்று பலர் குழம்பியது தனிக் கதை.

அப்பா போலீஸ்காரர். வீட்டில் மொத்தம் 9 பிள்ளைகள். வளர்ந்தது வைகிகி கடற்கரையில். இன்று வானுயர ஹோட்டல்கள் நிற்கும் அந்த இடத்தில், அப்போது சேப்பங்கிழங்கு வயல்களும் மீன் குளங்களும் இருந்தன. வாசலைத் தாண்டினால் கடல்.

டியூக் கைக்குழந்தையாக இருக்கும்போதே நாட்டில் பெரிய மாற்றங்கள் நடந்தன. 1893-ல் ராணி லிலியோகலானியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 1898-ல் ஹவாயை அமெரிக்கா தன்னோடு இணைத்துக்கொண்டது. ஆக, அவர் பிறந்த நாடு அவருக்கு 8 வயதாகும்போது தனி நாடாக இல்லை.

அலை விளையாட்டு ஏன் அழியப் பார்த்தது?

அலை மேல் பலகையில் நின்று வருவது ஹவாய் மக்களுக்குப் பல நூறு வருடப் பழக்கம். ராஜாவும் ஆடினார், மீனவரும் ஆடினார், பெண்களும் ஆடினார்கள். 1778-ல் கேப்டன் குக் அங்கே வந்த பிறகு, வெளியிலிருந்து வந்த நோய்கள் தீவுகளைச் சூறையாடின. லட்சக்கணக்கில் இருந்த பூர்வகுடி மக்கள், டியூக் பிறந்த காலத்தில் சுமார் 40 ஆயிரமாகச் சுருங்கிப்போனார்கள். 1820-ல் வந்திறங்கிய மிஷனரிகளுக்கு, அரைகுறை ஆடையோடு ஆணும் பெண்ணும் கடலில் விளையாடுவது பிடிக்கவில்லை. ஆட ஆளும் இல்லை, ஊக்கப்படுத்த ஆளும் இல்லை. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் அலைச்சறுக்கு சில கடற்கரைகளில் மட்டும் மிச்சம் இருந்தது. அதில் ஒன்று வைகிகி.

அந்த மிச்சத்தைப் பிடித்துக்கொண்டு வளர்ந்த பையன்களில் ஒருவர்தான் டியூக்.

முதல் படி: போர்டு இல்லை, நீச்சல்

டியூக் நீச்சல் கற்றது அந்தக் கால முறையில். அப்பாவும் சித்தப்பாவும் படகில் ஏற்றிக்கொண்டு போய், சின்னப் பையனாக இருந்தவரைத் தண்ணீரில் தூக்கிப் போட்டுவிட்டார்களாம். நீந்தி வரணும், வேற வழி இல்லை. (இதை யாரும் முயற்சி செய்ய வேண்டாம். அன்று படகு பக்கத்திலேயே இருந்தது, கூடவே கடலில் பிறந்து வளர்ந்த ரெண்டு பெரியவர்களும் இருந்தார்கள்.)

அதன் பிறகு பள்ளிக்கூடத்தைவிடக் கடலில் இருந்த நேரமே அதிகம். படிப்பைப் பாதியில் விட்டார். நீச்சல், மீன்பிடித்தல், துடுப்புப் படகு, அலைச்சறுக்கு என்று நாள் போனது.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். இன்று சர்ஃபிங் செய்பவர்கள் காலில் ஒரு கயிறு கட்டியிருப்பார்கள். அதன் மறுமுனை போர்டில் இருக்கும். விழுந்தாலும் போர்டு கூடவே இருக்கும். இந்தக் கயிறு பரவலாக வந்தது 1970-களில்தான். டியூக் காலத்தில் விழுந்தால் போர்டு தனியாகக் கரைக்குப் போய்விடும். அதைத் தேடி நீந்தித்தான் போகணும். போர்டின் அடியில் திசை திருப்ப உதவும் துடுப்பு மாதிரியான ஃபின்னும் கிடையாது, அது 1935-ல்தான் வந்தது. கனமான மரப்பலகை, வழுக்கும் அடிப்பாகம். திரும்பணும்னா காலைத் தண்ணீரில் இழுத்துத்தான் திருப்பணும்.

அதனால் நீந்தத் தெரியாத ஆள் அன்று அலைச்சறுக்கு ஆடவே முடியாது. போர்டு போனாலும் நான் கரைக்கு வந்துவிடுவேன் என்ற நிம்மதி முதலில் வந்தது. பெரிய அலையைப் பிடிக்கும் ஆசை அதற்குப் பிறகுதான்.

கடிகாரத்தையே சந்தேகப்பட்ட அமெரிக்கா

டியூக்கும் நண்பர்களும் சேர்ந்து 1911-ல் ஹூயி நாலு என்ற அலை கிளப்பை முறைப்படி தொடங்கினார்கள். வைகிகியில் ஏற்கனவே இருந்த அவுட்ரிகர் கேனோ கிளப்பில் பெரும்பாலும் வெள்ளையர்கள்தான் உறுப்பினர்கள். கடலோரத்துப் பூர்வகுடிப் பையன்களுக்கு சொந்தமாக ஒரு இடம் தேவைப்பட்டது.

அதே 1911 ஆகஸ்ட் 11. ஹொனலுலு துறைமுகத்தில் நீச்சல் போட்டி. நீச்சல் குளமெல்லாம் இல்லை, துறைமுகத்துத் தண்ணீரிலேயே தூரத்தை அளந்து பந்தயம் வைத்தார்கள். 100 கஜம் தூரத்தை டியூக் 55.4 விநாடிகளில் கடந்தார். அப்போதைய சாதனையைவிட 4.6 விநாடிகள் குறைவு. நீச்சலில் ஒரு விநாடி குறைப்பதே பெரிய விஷயம். அதுவும் யாரும் கேள்விப்படாத 20 வயதுப் பையன்.

அமெரிக்க அமெச்சூர் விளையாட்டு சங்கம் நம்பவே இல்லை. நேரம் பார்த்தவர்கள் ஸ்டாப்வாட்ச்சுக்குப் பதிலாக அலாரம் கடிகாரத்தை வைத்திருந்திருப்பார்கள் என்கிற அளவுக்குப் பேசினார்கள். அப்புறம், கடல் நீரோட்டம் தள்ளிவிட்டிருக்கும் என்றார்கள். அந்தச் சாதனை பல வருடங்கள் அங்கீகரிக்கப்படவில்லை.

டியூக் சண்டைக்குப் போகவில்லை. ஊர்க்காரர்கள் பணம் திரட்டிக் கொடுக்க, 1912-ல் அமெரிக்க நிலப்பரப்புக்குக் கிளம்பினார்.

ஜெயித்தவரும் ஒரு நாள் புதுமுகம்தான்

கடலில் புலியாக இருந்தவர், உள்ளரங்க நீச்சல் குளத்தில் புதுமுகம் ஆனார். கடலில் சுவர் கிடையாது. குளத்தில் சுவரைத் தொட்டு, காலால் உதைத்துத் திரும்பணும். டியூக்குக்கு அது பழக்கமே இல்லை. பிட்ஸ்பர்க்கில் நடந்த போட்டியில் 100 கஜத்தில் ஜெயித்தாலும், நீண்ட தூரப் பந்தயத்தில் தசை பிடித்துக்கொண்டு முடிக்க முடியாமல் போனது.

ஊருக்குத் திரும்பிப் போகலாம் என்று அவர் முடிவெடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் பயிற்சியாளரிடம் உட்கார்ந்து, குதித்துத் தொடங்குவது எப்படி, திரும்புவது எப்படி என்று அ, ஆவிலிருந்து கற்றார். அடுத்த சில மாதங்களில் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக். 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தங்கம். 4x200 மீட்டர் தொடர் நீச்சலில் வெள்ளி.

1916 ஒலிம்பிக் உலகப்போரால் ரத்தானது. 1920-ல் ஆன்ட்வெர்ப்பில் மீண்டும் 100 மீட்டர் தங்கம், கூடவே தொடர் நீச்சலிலும் தங்கம். 100 மீட்டர் இறுதிப்போட்டி நடந்தது அவரது 30-வது பிறந்தநாள் அன்று. ஒரு ஆஸ்திரேலிய வீரர் தரப்பில் ஆட்சேபம் வந்ததால் இறுதிப்போட்டியை மறுபடியும் நடத்தினார்கள். மறுபடியும் டியூக்தான் முதலில் வந்தார். 1924 பாரிஸில், பின்னாளில் டார்ஜான் படங்களால் பிரபலமான ஜானி வைஸ்முல்லரிடம் தோற்று வெள்ளி வாங்கினார். அந்தப் பந்தயத்தில் வெண்கலம் யாருக்கு? டியூக்கின் தம்பி சாமுவேலுக்கு!

நீச்சல் பதக்கங்கள் அவரை உலகம் முழுக்கக் கூட்டிப்போயின. போன இடமெல்லாம் அவர் அலைச்சறுக்கையும் கூடவே கொண்டுபோனார்.

பயந்த சிறுமியும் நாலாவது அலையும்

1914 டிசம்பர். நீச்சல் போட்டிகளுக்காக ஆஸ்திரேலியா அழைத்திருந்தது. சிட்னியின் ஃப்ரெஷ்வாட்டர் கடற்கரையில் அலைச்சறுக்கைச் செய்து காட்டச் சொன்னார்கள். டியூக் கையில் போர்டு இல்லை. உள்ளூரில் கிடைத்த பைன் மரத்தில் தானே ஒரு போர்டை வடிவமைத்துச் செய்தார். அந்த போர்டு இன்றும் ஃப்ரெஷ்வாட்டர் உயிர்காப்பு கிளப்பில் பாதுகாக்கப்படுகிறது.

1915 தொடக்கத்தில் நடந்த இன்னொரு நிகழ்ச்சியில், போர்டில் தன்னோடு ஒருவரைச் சேர்த்து ஏற்றிக்கொண்டு காட்ட நினைத்தார். தேர்வானது அந்தப் பகுதியைச் சேர்ந்த 15 வயது இசபெல் லெதம். நல்லா நீந்துவார், அலையில் உடம்பை மட்டும் வைத்துச் சறுக்கவும் தெரியும். ஆனால் போர்டில் நின்றதே இல்லை.

அலையின் உச்சியிலிருந்து கீழே பார்த்ததும் மலை விளிம்பில் நிற்பது போல இருந்ததாக இசபெல் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். முதல் மூன்று அலைகளிலும் பயந்து பின்வாங்கிவிட்டார். டியூக் அவசரப்படுத்தவில்லை. அந்த அலைகள் போகட்டும் என்று விட்டுவிட்டார். நாலாவது அலையில் அவரைப் பிடித்துத் தூக்கி நிற்க வைத்தார். இருவரும் கரை வரை வந்தார்கள். அதோடு இசபெலுக்கு அலை மேல் பைத்தியம் பிடித்துவிட்டது.

ஆஸ்திரேலியாவில் போர்டில் நின்ற முதல் ஆள் இசபெல்தான் என்று ரொம்ப காலம் சொல்லப்பட்டது. அவருக்கு முன்பே சிலர் முயன்றிருக்கிறார்கள் என்பது பிறகு தெரியவந்தது. ஆனால் அந்த நாலாவது அலை ஒரு வாழ்க்கையை மாற்றியதில் சந்தேகம் இல்லை. அவர் அமெரிக்கா போய் நீச்சல் ஆசிரியரானார். ஊர் திரும்பியும் பல தலைமுறைக் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தார். 1995-ல் காலமானார்.

இதில் கற்றுக்கொள்ள ரெண்டு விஷயம் இருக்கிறது. மூன்று அலைகளை விட்டது தோல்வி இல்லை, அந்த நேரத்தில் அவர் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். ரெண்டாவது, பின்னால் கடலை அறிந்த ஒருவர் நின்றார். வைகிகியில் டியூக்கும் அவர் சகோதரர்களும் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் இப்படித்தான். சரியான அலையை ஆசிரியர் பார்த்துச் சொல்வார், போர்டைத் தள்ளிவிடுவார், இல்லையென்றால் கூடவே ஏறி நிற்பார். இன்றும் உலகம் முழுக்க சர்ஃபிங் பள்ளிகளில் முதல் பாடம் ஏறக்குறைய இதே முறைதான்.

ஒரு மைல் ஓடிய அலை

டியூக் பிடித்த அலைகளில் அதிகம் பேசப்படுவது 1917-ல் வைகிகியில் வந்த அலை. தெற்கிலிருந்து வந்த பெரிய கொந்தளிப்பு. வழக்கமாக ஆடும் இடத்தைத் தாண்டி, வெகு தூரத்தில் அலைகள் உடைந்துகொண்டிருந்தன. அங்கே ஒரு ராட்சத அலையைப் பிடித்து, பாதையை மாற்றி மாற்றி, கிட்டத்தட்ட ஒரு மைல் தூரம் நின்றபடியே வந்தார் என்று சொல்லப்படுகிறது. மீட்டர் வைத்து அளந்த கணக்கு இல்லை என்பதால் தூரத்தில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்.

அப்போது அவருக்கு வயது 26. வைகிகி கடலில் இருபது வருடத்துக்கும் மேல் கழித்திருந்தார். எந்த மாதத்தில் எந்தப் பக்கத்திலிருந்து அலை வரும், பவளப்பாறை எங்கே மேடு, எங்கே பள்ளம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வெளியிலிருந்து பார்க்கும்போது சாகசம் மாதிரி தெரிந்த அந்த அலைக்குப் பின்னால், தினமும் சின்ன அலைகளில் விழுந்து எழுந்த இருபது வருடம் இருந்தது.

1925: நம்பிக்கை எதற்கு உதவியது?

ஜூன் 14, 1925. கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச் அருகே கொரோனா டெல் மார் கடற்கரை. டியூக் நண்பர்களோடு அலைச்சறுக்குக்காக வந்திருந்தார். அன்று காலை கடல் கடுமையாகக் கொந்தளித்தது. துறைமுக வாயில் அருகே தெல்மா என்ற படகு பெரிய அலையில் சிக்கிக் கவிழ்ந்தது. அதில் 17 பேர் இருந்தார்கள்.

டியூக் போர்டை எடுத்துக்கொண்டு அலைகளுக்குள் பாய்ந்தார். தத்தளித்தவர்களைப் போர்டில் ஏற்றிக்கொண்டு கரைக்கு வந்தார். மறுபடி போனார். மறுபடியும் போனார். 8 பேரை அவர் காப்பாற்றினார். நண்பர்கள் 4 பேரை மீட்டார்கள். 5 பேர் இறந்துபோனார்கள்.

அதுவரை போர்டு என்பது விளையாட்டுப் பொருள். அன்றைய சம்பவத்துக்குப் பிறகு, கடலோர உயிர்காப்பாளர்கள் மீட்புக்கு போர்டுகளைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. உலகத்தின் தலைசிறந்த நீச்சல்காரர் அங்கே இருந்தும் 5 பேரைக் காப்பாற்ற முடியவில்லை. கடலில் நம்பிக்கை என்றால் கடலை ஜெயித்துவிட்டோம் என்று அர்த்தம் கிடையாது.

கரையில் அவருக்கு என்ன கிடைத்தது?

கடலில் ராஜாவாக இருந்த டியூக்குக்குக் கரை வாழ்க்கை அவ்வளவு சுலபமாக இல்லை. அன்றைய அமெச்சூர் விதிப்படி விளையாட்டில் சம்பாதிக்கக் கூடாது. பதக்கம் உண்டு, பணம் இல்லை. 1920-களில் ஹாலிவுட் போனார். நல்ல உயரம், கம்பீரமான முகம். ஆனால் கதாநாயகன் வேடம் கிடைக்கவில்லை. தோல் நிறத்தைப் பார்த்து பழங்குடித் தலைவர், அரபு இளவரசர் மாதிரி சின்னச் சின்ன வேடங்களையே கொடுத்தார்கள். வெள்ளையர் அல்லாதவர் என்பதற்காகச் சில உணவகங்களில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டதும் நடந்தது.

ஊர் திரும்பி நகர மன்றக் கட்டடத்தைப் பராமரிக்கும் வேலை பார்த்தார். பெட்ரோல் பங்க் நடத்தினார். 3 ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர், வண்டிகளுக்குப் பெட்ரோல் போட்டார். 1934-ல் ஹொனலுலு ஷெரீஃப் தேர்தலில் நின்று ஜெயித்தார். அடுத்தடுத்த தேர்தல்களிலும் மக்கள் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். 1940-ல், 49 வயதில், நடன ஆசிரியையான நடீன் அலெக்சாண்டரைத் திருமணம் செய்துகொண்டார். வயதான காலத்தில், ஹவாய்க்கு வரும் பிரபலங்களை வரவேற்கும் அதிகாரபூர்வ தூதராக இருந்தார்.

1968 ஜனவரி 22-ம் தேதி மாரடைப்பில் காலமானார். வயது 77. அவரது சாம்பல் வைகிகி கடலிலேயே கரைக்கப்பட்டது.

புதுசா கத்துக்கிறவங்களுக்கு டியூக் வாழ்க்கை சொல்லும் 6 விஷயங்கள்

நம்ம ஊரில் கோவளம், மாமல்லபுரம் பக்கம் இப்போது சர்ஃபிங் கற்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். சின்ன அலையில் நிற்கக் கற்றுக்கொண்டு, கொஞ்சம் பெரிய அலைக்குப் போகும்போதுதான் பலர் பயந்து நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்காக...

1. முதலில் நீச்சல். காலில் கயிறு இருக்கிறது, போர்டு மிதக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். கயிறு அறுந்து போவது உண்டு. போர்டு இல்லாமல் எவ்வளவு தூரத்திலிருந்து நீந்திக் கரைக்கு வர முடியுமோ, அந்தத் தூரத்துக்குள்தான் உங்கள் எல்லை. அந்தத் தூரம் கூடினால் பயம் தானாகக் குறையும்.

2. இறங்கும் முன் உட்கார்ந்து பாருங்கள். அலைகள் கூட்டம் கூட்டமாக வரும். இதை செட் என்பார்கள். கொஞ்ச நேரம் கடல் அமைதியாக இருக்கும், அப்புறம் சில பெரிய அலைகள் வரிசையாக வரும், மறுபடி அமைதி. ரெண்டு நிமிடம் பார்த்துவிட்டு இறங்கினால், அமைதியை மட்டும் பார்த்து ஏமாந்துவிடுவீர்கள். இருபது நிமிடமாவது பாருங்கள். அலை எங்கே உடைகிறது, மற்றவர்கள் எந்த வழியாக உள்ளே போகிறார்கள், எந்த வழியாகத் திரும்பி வருகிறார்கள் என்று கவனியுங்கள்.

3. நுரை அலையிலிருந்து தொடங்குங்கள். உடைந்து வெள்ளை நுரையாகக் கரைக்கு வரும் அலைக்கு ஆழம் குறைவு, ஆபத்தும் குறைவு. அதில் எழுந்து நிற்பது பழக்கமான பிறகு, உடையாத பச்சை அலைக்குப் போகலாம். ஒரே நாளில் முழங்கால் உயரத்திலிருந்து தலை உயரத்துக்குத் தாவ வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

4. விழக் கத்துக்கோங்க. எல்லோரும் விழுவார்கள், டியூக்கும் விழுந்தவர்தான். தலைகீழாகப் பாயக் கூடாது, அடியில் மணலோ பாறையோ இருக்கும். உடம்பைத் தட்டையாக வைத்து, போர்டை விட்டு விலகி விழுங்கள். மேலே வரும்போது கைகளால் தலையை மூடிக்கொள்ளுங்கள். வரும் அலைக்கும் உங்களுக்கும் நடுவில் போர்டை வைக்காதீர்கள், அலை அதைத் தூக்கி உங்கள் மேலேயே அடிக்கும். அலை உருட்டும்போது பதற்றப்பட்டுக் கை காலை உதறினால் மூச்சு சீக்கிரம் தீர்ந்துவிடும். அந்தச் சில விநாடிகள் உடம்பைத் தளர்வாக விட்டால், அலை கடந்து போன பிறகு மேலே வரலாம்.

5. ரிப் கரன்ட்டோடு மல்லுக்கட்டாதீர்கள். கரைக்கு வந்த தண்ணீர் ஒரு குறுகிய பாதை வழியாகக் கடலுக்குள் திரும்பிப் போகும். அதுதான் ரிப் கரன்ட். சுற்றிலும் அலை உடையும்போது நடுவில் ஒரு இடம் மட்டும் அமைதியாக, கலங்கலாகத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். அதில் மாட்டினால் நேராகக் கரையை நோக்கி நீந்தக் கூடாது, களைப்புதான் மிஞ்சும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து அந்த ஓட்டத்திலிருந்து வெளியே வரணும். முடியவில்லையென்றால் போர்டைப் பிடித்து மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேளுங்கள்.

6. வேண்டாம் என்று சொல்லப் பழகுங்கள். இசபெல் விட்டது மாதிரி அலையை விடலாம், தப்பில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம்ம கிழக்குக் கடற்கரை கொந்தளிப்பாக இருக்கும். புயல் சின்னம், மீனவர்களுக்கான எச்சரிக்கை இருக்கும் நாட்களில் புதியவர்கள் கரையில் இருப்பதே புத்திசாலித்தனம். தனியாக ஒருபோதும் இறங்காதீர்கள். அந்தக் கடலை அறிந்த பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கட்டும்.

டியூக்கின் கனவு நிறைவேறியதா?

அலைச்சறுக்கை ஒலிம்பிக்கில் சேர்க்கணும் என்பது டியூக்கின் நீண்ட நாள் ஆசை. அவர் உயிரோடு இருந்தவரை அது நடக்கவில்லை. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் முதல்முறையாக சர்ஃபிங் சேர்க்கப்பட்டது. பெண்கள் பிரிவில் முதல் தங்கத்தை வென்றவர் கரிசா மூர். அவர் சொந்த ஊர் எது தெரியுமா? டியூக் பிறந்த அதே ஹொனலுலு!

வைகிகியில் 1990-ல் டியூக்குக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். இரண்டு கைகளையும் விரித்து, பின்னால் போர்டோடு, வருபவர்களை வரவேற்பது போல நிற்கிறார். முகம் ஊரைப் பார்த்து இருக்கிறது, முதுகு கடல் பக்கம். அதைப் பார்த்து உள்ளூர் அலைக்காரர்கள் பலர் வருத்தப்பட்டார்கள். கடலுக்கு முதுகைக் காட்டாதே என்பதுதான் அங்கே குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம். டியூக் ஒருநாளும் அப்படி நின்றிருக்க மாட்டார் என்பது அவர்கள் வாதம்.

வைகிகியாக இருந்தாலும் கோவளமாக இருந்தாலும் அந்தப் பாடத்தில் மாற்றம் இல்லை. அடுத்த முறை போர்டோடு கடற்கரைக்குப் போனால், பயமாக இருக்கிறதே என்று கவலைப்படாதீர்கள். கடலைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்காருங்கள். முதல் அலையை விடுங்கள், ரெண்டாவதையும் விடுங்கள். உங்களுக்கான அலை வரும்போது இறங்கலாம்.